விற்கப்போகிற வீட்டில் எங்கே காசைப் போடுவது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய தனி வீட்டுக்கு விலை பேசும்போது மனைக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் கணக்குப் போடுவார்கள். வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளரும் கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கொட்டிய பணம் அந்தக் கணக்கில் முழுசாகத் திரும்புவது அபூர்வம். வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் லாபம்.

முதல் காரணம் மொட்டைமாடி. கூரையில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையையும் மழைநீர்க் குழாயின் வாயையும் முதலில் பாருங்கள். பழைய தளஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டினால் அடியில் சிக்கிய தண்ணீர் கீழேதான் இறங்கும். தளத்துக்கு எடையும் கூடும். தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் ஓடுகளைப் பெயர்த்தெடுங்கள். விரிசலை அரை அங்குல ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, தூசி போகக் கழுவி, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் அடையுங்கள். மூலை நெடுக 2 அங்குலத்துக்குக் கலவையைச் சரிவாக அணைக்க வேண்டும். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. பூச்சு சுவரிலும் ஓர் அடி ஏறட்டும். காய்ந்ததும் குழாய் வாயை அடைத்து 2 அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். கீழே ஈரம் இல்லை என்றால் மட்டும் ஓடு பதியுங்கள். தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) 10 அடிக்கு ஒன்றே கால் அங்குலம் இருக்கட்டும்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாசம் வந்தால், வீடு பார்க்க வருபவர் அங்கேதான் கையை வைப்பார். குளியலறைக் குழாய்க் கசிவா, வெளியே போட்ட சிமென்ட் தரை பேஸ்மட்டத்துக்கு மேல் ஏறிவிட்டதா என்று காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகே சுவரைத் தொடுங்கள். கறைக்கு ஓர் அடி மேல் வரை பூச்சைக் கொத்தி, பூத்த உப்பைத் தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, புதிதாகப் பூசி, 7 நாள் நனைத்து, நான்கு வாரம் காய விடுங்கள். அவசரப்பட்டுப் பட்டி பார்த்தால் அது அப்பளமாக உரியும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேல் பட்டி வைத்தாலும் அதே கதிதான். சமமான சுவரில் 40 கிலோ பட்டி இரண்டு கைக்கு ஏறக்குறைய 600 முதல் 800 சதுர அடி வரும்.

குளியலறை டைல்ஸில் உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைக் கறையை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது இங்கே வழக்கம். டைல்ஸ் பளிச்சென்று ஆகும். இடுக்கில் இருக்கும் சிமென்ட்டை ஆசிட் அரித்துவிடும், அங்கிருந்து அடுத்த அறைச் சுவருக்கு ஓதம் கிளம்பும். எலுமிச்சை உப்பைக் கரைத்துத் தடவி, ஊறிய பின் தேயுங்கள். சமையல் மேடையில் பழைய கடப்பா கல் வெளிறிப்போயிருந்தால் கிரானைட்டாக மாற்றலாம். கல் விளையும் ஊர் என்பதால் துண்டுப் பலகையே விசாரித்து வாங்கலாம்.

தண்ணீர்க் கேள்வி நிச்சயம் வரும். இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு சிக்கல் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஒகேனக்கல் இணைப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போர்வெல் நீரைப் பரிசோதித்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்க ஆகாது. கொதிக்க வைத்தால் போகாது, ஆர்ஓ குறைக்கும். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுவது எந்தப் பேச்சையும் விட மேல்.

மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஏசி பாயின்ட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், போதும். பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி மூன்றும் ஒரே பெயரில் இல்லையென்றால் பெயின்ட்டருக்கு முன்பே அதற்கு அலையுங்கள். அனுமதி வாங்காமல் எழுப்பிய மாடி அறையை வங்கி மதிப்பில் சேர்க்காமல் விடலாம். அதை மெருகேற்றுவதில் காசு வேண்டாம்.

ஆடியில் வீடு பார்க்க ஆள் வருவது குறைவு, கொத்து வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். சுவர் காய்ந்து பெயின்ட் முடிய ஆவணிக் கடைசி ஆகும். பலர் புரட்டாசியையும் தள்ளிப்போடுவார்கள். ஐப்பசி மழையில் ஒழுகாத கூரையைக் காட்டலாம்.