பழைய இனுயிட் படங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் தான் தொகுத்த படங்களை அனுப்பியிருந்தார். நூறு வருடத்துக்கு முந்தைய இனுயிட் மக்களின் (வட துருவத்தை ஒட்டிய பகுதிகளின் பழங்குடிகள்) உருவப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் எழுதிய குறிப்பு. படிக்கப் படிக்கச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன, ஏனென்றால் அத்தனையும் நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அடித்த அதே கூத்து. ஃபிளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ என்ற பழைய ஆவணப்படத்தின் நாயகன் நானூக்கின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக் என்பதெல்லாம் எந்த அறிமுகக் கட்டுரையிலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முகத்தில் பச்சை குத்தியிருந்தால் இன்ன குழு என்று முடிவுகட்டுவது

இதுதான் எனக்குச் செலவு வைத்தது.

கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் வடமேற்குக் கரையில் ஃபுல்லர்ட்டன் துறைமுகம் என்று ஓரிடம். 1903 முதல் 1905 வரை இரண்டு குளிர்காலங்களைத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் ஜார்ஜ் கோமர் அங்கே உறைந்த கடலில் கழித்தார். வேட்டைக்காரர்தான், ஆனால் நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேகரிப்பதும் அவர் வேலை. முகங்களை பிளாஸ்டரில் அச்செடுத்தார், பாட்டுகளை ஃபோனோகிராஃபில் பதிந்தார், நிறையப் படம் எடுத்தார். அவற்றில் சில பெண்களின் நெற்றி, கன்னம், முகவாய் எல்லாம் கோடுகள்.

ஒரு சின்னக் கண்காட்சிக்கு அந்தப் படங்களுக்கு நான்தான் குறிப்பு எழுதினேன். ‘பாரம்பரியப் பச்சை அணிந்த’ இன்ன குழுப் பெண்கள் என்று குழுப் பெயரோடு கம்பீரமாக எழுதி, பலகைகளும் அச்சாகி வந்துவிட்டன. திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களோடு வேலை பார்த்த மூத்த அம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “ஏன் தம்பி, இதே அம்மாதானே அந்தப் படத்திலயும் இருக்காங்க? அங்க முகம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே?” போய்ப் பார்த்தால் அதே பெண், மார்பில் அதே மணி வேலைப்பாடு, முகத்தில் ஒரு கோடு இல்லை.

நடந்தது என்னவென்றால், பக்கத்துக் குழுக்களின் பச்சை மாதிரிகளைக் காட்டுவதற்காக ஐவிலிக் என்ற உள்ளூர் இனுயிட் குழுவின் பெண்கள் கோமரின் கேமராவுக்கு முன்னால் அவற்றை முகத்தில் வரைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். சாயக் கோடு, அவ்வளவுதான். படம் பொய்யில்லை, அது ஒரு மாதிரிப் பட்டியல். நான் அதை அந்தப் பெண்ணின் சொந்த முகம் என்று படித்துவிட்டேன். மூன்று பலகைகளை மறுபடி அடித்தோம், காசு என் சம்பளத்தில் போனது.

எனக்கு ஆத்திரம் காசுக்காக இல்லை. சந்தேகப்படுவதற்கான தடயம் படத்திலேயே இருந்தது. உண்மையான பச்சை, எண்ணெயும் புகைக்கரியும் தோய்த்த நரம்பு நூலை ஊசியால் தோலுக்கடியில் இழுத்துப் போடுவது. ஆறியபின் நீலம் பாய்ந்த கோடாக நிற்கும். படம் பதிய அந்தக் காலத்தில் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளோ நீலத்தை வெளிறக் காட்டும், சிவப்பைக் கறுப்பாக்கும். அப்படியென்றால் நிஜப் பச்சை மங்கலாக விழத்தான் வாய்ப்பு அதிகம். நேற்று மையால் போட்ட மாதிரி கெட்டியாகத் தெரிகிற கோட்டைப் பார்த்தால் முதலில் அதே ஆளின் வேறு படத்தைத் தேடுங்கள். அதே காரணத்தால் தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதாதீர்கள், அந்தக் கறுப்பில் பாதி தகட்டின் வேலை.

படம் எடுத்தவர் பெயர் ‘மூடி’ (Moodie) என்றால் கணவர் என்று நினைப்பது

அதே ஃபுல்லர்ட்டனில் 1904-இல் வந்திறங்கியவர் ஜெரால்டின் மூடி. கணவர் வடமேற்குக் குதிரைப்படைக் காவல்துறை அதிகாரி. இருவருமே படம் எடுத்தார்கள், ஆனால் மேற்குக் கனடாவில் சொந்தமாக ஸ்டுடியோ நடத்திய தொழில்முறைக் கலைஞர் மனைவிதான். மணி கோத்த அமாவுட்டி, அதாவது முதுகில் குழந்தையைச் சுமக்கும் மேலங்கி, போட்ட பெண்களை அவர் நிறுத்தி எடுத்த படங்களில் அவருடைய ஸ்டுடியோ அனுபவம் தெரியும். ‘மூடி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மூடி என்று பாருங்கள்.

நூனிவாக் மக்களை இனுயிட் என்பது

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் கர்ட்டிஸ் 1927-இல் அலாஸ்காவில் எடுத்து, ‘வட அமெரிக்க இந்தியர்’ என்ற தன் வரிசையின் 20ஆம் தொகுதியாக 1930-இல் வெளியிட்ட படங்களை எடுத்துப் போடுகிறார்கள். அலாஸ்காவின் நூனிவாக் தீவினர் யூபிக் கிளையினர், அதாவது இனுயிட்டுக்கு உறவான வேறொரு மக்கள். மாற்றி எழுதுங்கள்.

‘பெயர் தெரியாத பெண்’

சோம்பேறித்தனம். நிவியாட்சினாக் என்ற பெண்ணைத் திமிங்கில வேட்டைக்காரர்கள் ‘ஷூஃப்ளை’ என்று கூப்பிட்டார்கள். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். கனடா தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் 2002-இலிருந்து வட கனடாவில் இனுயிட் மக்கள் வாழும் நூனாவுட் பகுதியின் பெரியவர்களிடம் பழைய படங்களைக் காட்டிப் பெயர் கேட்டு வருகின்றன. தன் பாட்டியை, சித்தப்பாவை அவர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அங்கே தேடிவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

கேமரா எப்போதும் வெளியாள் கையில்தான் என்பது

கிரீன்லாந்துத் தலைநகர் நூக்கில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜான் மோலர் அந்த மண்ணின் ஆள். வட கனடாவில் கேப் டார்செட் பக்கம் பீட்டர் பிட்சியோலாக் என்ற இனுயிட் 1940களில் இக்லூவுக்குள்ளேயே (பனிக்கட்டி வீடு) ஃபிலிம் கழுவினார். டார்ச் லைட்டில் சிவப்புத் துணி சுற்றி இருட்டறை விளக்கு, கருப்புக் கண்ணாடியின் சில்லு ஃபில்டர், கூட உதவிக்கு மனைவி அக்கியோக்.

தகட்டை இடவலம் மாற்றி ஸ்கேன் செய்வது

எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, தகட்டின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தம்பி, நாலு படத்தில் எல்லாரும் இடது கையால் கத்தி பிடித்திருக்கிறார்கள்.