பழைய வீட்டை விற்கும் முன் எதற்குச் செலவு செய்யலாம்?

வீட்டை விற்பது என்று முடிவானதும் பலர் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. கொஞ்சம் பொறுங்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களில் இருபது முப்பது வருடத் தனி வீட்டுக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பங்கு மனைக்குத்தான். கட்டடத்தில் பணம் போடும் முன் அதை மனதில் வையுங்கள்.

படி 1: யார் வாங்குவார்கள்?
சமீபத்தில் உங்கள் தெருவில் கைமாறிய வீடுகள் என்ன ஆயின என்று பாருங்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருந்தால், உங்கள் வீட்டுக்கும் பெரும்பாலும் அதுதான். இரண்டாம் படியை முடித்துவிட்டு நேராக ஆறாம் படிக்குப் போகலாம்.

படி 2: காகிதங்கள்
பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? அடைத்து முடித்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கிறதா? சொத்து வரியும் மின் இணைப்பும் யார் பெயரில்? வாங்குபவரின் வங்கி இவற்றைத்தான் முதலில் கேட்கும்.

படி 3: தண்ணீர்
குடியிருக்க வாங்குபவர் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) கண்டால் அங்கேயே பின்வாங்குவார், அல்லது விலையை அடித்துக் கேட்பார். அதனால் பெரிய செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள்.

மழை விட்ட மறுநாள் மொட்டை மாடிக்குப் போங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் தளத்தின் வாட்டம் (சரிவு) சரியில்லை. தட்டு ஓட்டின் இடுக்குகளில் பூச்சு போயிருக்கிறதா, வடிகுழாய் வாயில் செடி முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஓர் இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் தொட்டியிலோ குழாயிலோ எங்கோ கசிவு இருக்கிறது.

காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்காதீர்கள். அடுத்த மழையில் அந்தச் சுவர் உப்பி உதிரும்போது அங்கே ஒரு குடும்பம் இருக்கும். சட்டமும் இதைச் சொல்கிறது: வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் (சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55).

படி 4: சில்லறை வேலைகள்
சொட்டும் குழாய், உடைந்த சுவிட்ச், தரையில் உரசும் கதவு. கடைசியாக, வெளிர் நிறத்தில் பெயிண்ட்.

படி 5: இவற்றை விட்டுவிடுங்கள்
மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ். எங்கள் சொந்தத்தில் ஒருவர் விற்பதற்காகவே சமையலறையைப் புதுப்பித்தார். வாங்கியவர் வாஸ்து பார்த்து அந்த அறையையே வேறு மூலைக்கு மாற்றினார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

ஏதாவது வேலையில் சந்தேகம் என்றால் இரண்டு தரகர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "இப்படியே கொடுத்தால் என்ன விலை போகும்? இந்த வேலையை முடித்துக் கொடுத்தால்?" வித்தியாசம் செலவைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

படி 6: பில்கள்
கூடுதல் அறை கட்டியது போன்ற செலவை மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது வீடு விற்ற லாபத்துக்கு வரி போடும் கணக்கில், கழிக்க முடியும். பெயிண்ட், வழக்கமான பராமரிப்புச் செலவுகள் பொதுவாக அதில் சேராது. பழைய பில்களைத் தேடி எடுத்து, விலை பேசும் முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.