ரெசின் மக்கிலேயே இறுகிவிடுகிறதா?

பழைய ஃபைபர் படகுக்கு கண்ணாடி இழை மேட் ஒட்டும்போது, ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கலந்த பாலியெஸ்டர் ரெசினை மக்கில் வைக்காமல் உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். கலந்ததும் ரெசின் தானாகவே சூடேறும். மக்கில் அந்தச் சூடு அடைபட்டு, இன்னும் சீக்கிரம் இறுகிப்போகும். தட்டில் மெல்லிசாகப் பரவினால் சூடு ஆறி, பிரஷ் ஓட்டக் கூடுதல் நேரம் கிடைக்கும். காரைக்குடி, தொண்டிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இது மிகவும் அவசியம். தடவைக்கு 200 கிராம் ரெசின், 2 மில்லி ஹார்ட்னர் போதும். ஹார்ட்னரை அதற்கும் குறைத்தால் பிசுபிசுப்பு போகாது.

தெர்மாகோல் தட்டு வேண்டவே வேண்டாம், ரெசினில் கரைந்துவிடும். எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசினுக்கும் தட்டு உதவும், ஆனால் ஹார்ட்னர் அளவு டப்பாவில் எழுதியிருக்கிறபடியே இருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ரெசின் மெதுவாகத்தான் இறுகும். அப்போது மக்கே போதும்.