ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சியும் காய்கறியும்: முதல் முறை செய்பவர்களுக்கு

காலையில் முக்கால் மணி நேரம் வேலை. அப்புறம் இரவு உணவுக்கு மூடியைத் திறந்தால் போதும். முள்கரண்டி பட்டதும் பிரிகிற கறி, உருக்குலையாத கேரட், சாறு ஊறிய உருளைக்கிழங்கு, கரண்டியில் ஒட்டி நிற்கிற குழம்பு. மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கரை வாங்கிவிட்டு எதில் தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சமையலைத்தான்.

நான் முதல் முறை செய்தபோது, குக்கரை லோ என்கிற நிலையில் வைத்து ஐந்து மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி இருந்தது. அதிகமாக வெந்து கெட்டியாகிவிட்டது என்று நினைத்து உடனே குக்கரை அணைத்துவிட்டேன். உண்மையில் அது வெந்தே முடிந்திருக்கவில்லை. இன்னும் மூன்று மணி நேரம் விட்டிருந்தால் அதே கறி பஞ்சாக வந்திருக்கும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கறிக்குள் என்ன நடக்கிறது

மாட்டின் தோள், கால், கழுத்து, நெஞ்சு ஆகிய பகுதிகள் நாள் முழுக்க உழைப்பவை. அந்தத் தசைகளில் ஜவ்வு அதிகம். வெட்டிய துண்டில் வெள்ளை வெள்ளையாக, கொஞ்சம் பளபளப்பாகத் தெரிவது அதுதான். ஜவ்வில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரதம். கறியின் உட்புறச் சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறத் தொடங்கும். மாற்றம் முழுமையாக நடக்கச் சூடு மட்டும் போதாது, மணிக்கணக்கில் நேரமும் வேண்டும்.

அதற்கு முன்பே தசை இழைகள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் பாதி நேரத்தில் எடுத்துக் கடித்தால் கறி இறுகியும் வறண்டும் இருக்கிறது. அந்த நிலையைத் தாண்டினால் ஜவ்வு கரைந்து இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கரைந்த ஜெலட்டின் அந்த இழைகளின் மேல் படிந்து வழவழப்பைத் தரும். ஆகவே கறி கடினமாக இருந்தால் இன்னும் வேகட்டும் என்று விடுங்கள்.

வாங்கும்போது தோள்பட்டைக் கறி கேளுங்கள். முதல் முறைக்கு அதுதான் நல்லது, கொழுப்பும் ஜவ்வும் அளவோடு கலந்திருக்கும். கால் கறியில் ஜவ்வு இன்னும் அதிகம், குழம்பு நன்றாகக் கெட்டிப்படும், ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். முதுகுப் பக்கத்து மென்மையான, கொழுப்பில்லாத கறியை இதற்கு வாங்க வேண்டாம். விலையும் அதிகம், உருகுவதற்கு ஜவ்வும் இல்லாததால் எட்டு மணி நேரத்தில் சக்கையாகிவிடும்.

லோ, ஹை, வார்ம்

பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி, மேலே கண்ணாடி மூடி: ஸ்லோ குக்கர் என்பது இவ்வளவுதான். அவரை வகைகளை வேகவைக்கும் மின்பாத்திரமாக அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். ரைவல் நிறுவனம் 1970-இல் அதை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக் பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் வீடுவீடாகப் பரவியது.

லோ என்றால் குறைந்த சூடு, ஹை என்றால் அதிகச் சூடு என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே சூட்டில் போய் நிற்கும். ஹையில் அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், லோவில் நிதானமாகப் போகும். இந்தச் சமையலுக்கு லோவில் 8 முதல் 9 மணி நேரம், ஹையில் 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். நேரம் இருந்தால் நான் லோவையே தேர்ந்தெடுப்பேன். வார்ம் என்பது வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான். அதில் பச்சைக் கறியை வைத்துச் சமைக்கக் கூடாது.

தேவையானவை (5 முதல் 6 லிட்டர் குக்கர், ஆறு பேருக்கு)

மாட்டிறைச்சி, எலும்பில்லாமல் ஒன்றேகால் கிலோ
உருளைக்கிழங்கு 600 கிராம், கேரட் 400 கிராம்
பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல்
கிடைத்தால் செலரித் தண்டு 2
தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி
தண்ணீர் அல்லது எலும்பு வேகவைத்த சாறு ஒன்றரை கப்
உப்பு 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி
பிரிஞ்சி இலை 2, காய்ந்த தைம் (மணமுள்ள மூலிகை இலை) 1 தேக்கரண்டி
எண்ணெய் 2 மேசைக்கரண்டி
கடைசியில் சேர்க்க: பச்சைப் பட்டாணி 1 கப், கார்ன்ஃப்ளோர் ஒன்றரை மேசைக்கரண்டி

ஒன்றரை கப் தண்ணீர் போதுமா என்று சந்தேகம் வரும். போதும். இதில் ஆவி வெளியே போவது மிகக் குறைவு. மூடியில் படிகிற நீரும் திரும்ப உள்ளேயே சொட்டும். கறியும் காயும் விடுகிற சாறும் சேர்ந்துவிடும். திறந்த சட்டியில் செய்யும் பழக்கத்தில் நாலு கப் ஊற்றினால் கிடைப்பது குழம்பல்ல, வெறும் சூப். கடையில் வாங்கிய சூப் கட்டியைக் கரைத்து ஊற்றுவதாக இருந்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

படி 1: காய் நறுக்குதல்

ஸ்லோ குக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் கறியைவிட மெதுவாகக்கூட வேகும். முதல் முறை செய்பவர்களை ஆச்சரியப்படுத்துவது இதுதான். காய்களின் திசுவைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், பாத்திரம் அந்தச் சூட்டை எட்டவே சில மணி நேரம் ஆகும். அதனால் கேரட்டை இரண்டு விரல் அகலத்துக்கும், உருளைக்கிழங்கை நடுத்தர அளவாக இருந்தால் நாலாகவும் நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். வெங்காயத்தை நீளவாக்கில் தடிமனாக, பூண்டை நசுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவைக்காகத் தக்காளியை அள்ளிப் போட ஆசை வரும். புளிப்பு அதிகமானால் பெக்டின் இளகாது, எட்டு மணி நேரம் கழித்தும் உருளைக்கிழங்கு நறுக்கென்று இருக்கும். இரண்டு கரண்டி பேஸ்ட் ஒன்றும் செய்யாது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: கறியை வறுத்தல்

கறியை 4, 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். சின்னதாக வெட்டினால் கடைசியில் நார்நாராகப் போய்விடும். கழுவ வேண்டிய தேவையில்லை. சமையல் சூட்டில் கிருமிகள் எப்படியும் சாகும், குழாயடியில் கழுவும்போதுதான் தண்ணீர் தெறித்துச் சுற்றிலும் பரவும். டிஷ்யூ தாளால் ஒவ்வொரு துண்டையும் நன்றாக ஒற்றி எடுத்து, உப்பு, மிளகுத்தூள் தூவுங்கள்.

இந்த ஒற்றி எடுப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கறி பழுப்பேறி மணம் வருவதற்கு அதன் மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும். ஸ்லோ குக்கர் எவ்வளவு நேரம் ஓடினாலும் அந்த 140-ஐ எட்டாது. அந்த மணத்தை அடுப்பில்தான் உண்டாக்க முடியும்.

அடிகனமான சட்டியை நன்றாகக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். ஒரு துண்டை வைத்தால் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கினால் தண்ணீர் விட்டு, வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும். மூன்று தவணையாகப் போட்டால் சரியாக இருக்கும். வைத்ததும் கிளறாதீர்கள், மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வரும்போது அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். உள்ளே பச்சையாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் வறுத்ததும் அப்படியே எடுத்து வைத்துவிட்டு நாளைக்குச் சமைக்கலாம் என்று விடக்கூடாது. நேராகக் குக்கருக்குப் போக வேண்டும்.

படி 3: சட்டியின் அடியில் ஒட்டியது

கறியை எடுத்த பிறகு சட்டியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் பொருக்கைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மொத்தக் குழம்பின் ருசியும் அங்கேதான் இருக்கிறது. தீயைக் குறைத்து வெங்காயத்தைப் போட்டு ஐந்து நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் விடும் நீரிலேயே பாதி பொருக்கு இளகும். பூண்டு, தக்காளி பேஸ்ட் சேர்த்து, பேஸ்ட் நிறம் கொஞ்சம் கருக்கும்வரை ஒரு நிமிடம் கிளறுங்கள். இப்போது தண்ணீரையோ சாறையோ ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். தண்ணீர் பழுப்பு நிறத்துக்கு மாறி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். சூடான திரவமாக உள்ளே போவதால் குக்கரும் சீக்கிரம் சூடேறும்.

படி 4: அடுக்குதல்

உருளைக்கிழங்கும் கேரட்டும் அடியில், பக்கவாட்டுச் சுவரை ஒட்டி. சூடு அங்கிருந்துதான் வருகிறது. அதன்மேல் செலரி, பிறகு கறி, மேலே வெங்காயக் கலவை, தைம், பிரிஞ்சி இலை. திரவம் கறியை முழுக்க மூட வேண்டியதில்லை, பாதி உயரம் இருந்தால் சரி. பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் முக்காலைத் தாண்டாமலும் நிரம்பியிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சீக்கிரம் வெந்து ஓரம் பிடிக்கும், தளும்பத் தளும்ப இருந்தால் சூடேறவே வெகுநேரமாகும்.

உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறி அந்த இடைவெளியில் மணிக்கணக்கில் கிடக்கும். முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து முழுக்க உருகவிடுங்கள். பட்டாணிக்குப் பதில் காய்ந்த சிவப்புக் காராமணி போல இருக்கும் ராஜ்மாவைச் சேர்க்க நினைத்தால், ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும். அதில் உள்ள நச்சுப் புரதம் ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாது.

படி 5: மூடிவிட்டுப் போங்கள்

மூடியைப் போட்டு லோவில் வையுங்கள். எட்டு மணி நேரத்துக்குத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்த ஆவியெல்லாம் போய்விடும், இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். கிளறவும் தேவையில்லை. நான்கு மணி நேரத்தில் வீடு முழுக்க மணம் வரும், ஆனால் கறி அப்போதுதான் மிக இறுக்கமாக இருக்கும்.

நடுவில் மின்சாரம் போய், நீங்கள் வீட்டில் இருந்தால் உடனே அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடித்துவிடலாம். வீட்டில் இல்லாமல், எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்பதும் தெரியாவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுவதுதான் சரி.

படி 6: வெந்ததா என்று பார்த்தல்

எட்டு மணி நேரம் ஆனதும் இருப்பதிலேயே பெரிய துண்டில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகுங்கள். இழைகள் எதிர்ப்பில்லாமல் பிரிந்தால் முடிந்தது. கரண்டியோடு துண்டும் சேர்ந்து சுழன்றால் இன்னும் முக்கால் மணி நேரம் விடுங்கள். அடியில் இருக்கும் ஒரு கேரட்டையும் குத்திப் பாருங்கள்.

கார்ன்ஃப்ளோரை மூன்று மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, பட்டாணியும் சேர்த்து, ஹைக்கு மாற்றி 15 முதல் 20 நிமிடம் மூடிவையுங்கள். பட்டாணியைக் காலையிலேயே போட்டால் நிறம் மங்கிக் கூழாகிவிடும். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டு, பிரிஞ்சி இலையை எடுத்துவிட்டு, உப்புப் பாருங்கள். சப்பென்று இருந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறைந்தது அந்தப் புளிப்பாகத்தான் இருக்கும்.

மிச்சம் இருந்தால்

பீங்கான் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஆறவே வெகுநேரம் ஆகும். சூடான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசலும் விடும். ஆழம் குறைந்த டப்பாக்களுக்கு மாற்றி, சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும்.

மறுநாள் டப்பாவைத் திறந்தால் குழம்பு அசைத்தால் ஆடுகிற ஜெல்லியாக உறைந்திருக்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், கறியிலிருந்து கரைந்து வந்த அந்த ஜவ்வுதான் இப்படி இறுகியிருக்கிறது. சூடு பட்டதும் இளகிவிடும். ஆனால் ஸ்லோ குக்கரில் திரும்பச் சூடாக்காமல், சட்டியில் போட்டு அடுப்பில் நன்றாகக் கொதிவரும்வரை வைத்துப் பரிமாறுங்கள்.