திங்கட்கிழமைக் கூட்டத்தை நான் சரிசெய்த விதம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவில் நான் பணியாற்றியபோது, திங்கட்கிழமைதோறும் காலை 10 மணிக்குத் தொடங்கும் கூட்டம் பன்னிரண்டரை வரை நீளும். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் நிலவரத்தை வாசிப்பார்கள். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒருநாள் கூட்டம் கலையும் நேரத்தில் கட்டிங் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து இரண்டு நீலத் துணித் துண்டுகளை எடுத்து மேசைமேல் அருகருகே வைத்தார். ஒரே ஆர்டருக்கு வந்த துணி. ரோலுக்கு ரோல் ஷேடு, அதாவது நிறத்தின் சாயல், மாறியிருந்தது. "காலையிலேயே சொல்லியிருப்பேன் சார், என் முறை வரவில்லை" என்றார். அதற்குள் கீழே பாதித் துணியை வெட்டி முடித்திருந்தார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, நிலவரங்களைச் சனிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் வாங்கி அனைவருக்கும் அனுப்பிவிட்டு, முடிவெடுக்க வேண்டியவற்றை மட்டும் கூட்டத்திற்கு வைத்தேன். அவற்றையும் "துணி நிலவரம்" என்று தலைப்பாக எழுதாமல், "எந்த ஆர்டரை முதலில் வெட்டுவது?" என்று கேள்வியாகவே எழுதினேன், என் அனுபவத்தில் பெரும் பயன் தந்த மாற்றம் இதுதான், ஏனெனில் கேள்விக்கு விடை கிடைத்தவுடன் பேச்சு தானாக நின்றது. எடுத்த முடிவுகளை யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற விவரத்துடன் அங்கேயே கரும்பலகையில் எழுதி, மதியத்திற்குள் அனுப்பினோம். கூட்டம் 40 நிமிடங்களுக்குள் முடியத் தொடங்கியது. துணியில் குறை கண்டால் கூட்டத்திற்குக் காத்திராமல் உடனே வெட்டுவதை நிறுத்தும் அதிகாரத்தையும் கட்டிங் மாஸ்டருக்கு எழுத்துமூலம் வாங்கிக் கொடுத்தேன்.