கிராபிக்ஸ் கார்டின் வோல்டேஜை மாற்றுவது: ஸ்லைடரைத் தொடும் முன்

ஓவர்கிளாக், அதாவது கார்டை இயல்பைவிட வேகமாக ஓட்டுவது, என்றாலே வோல்டேஜைக் கூட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வோல்டேஜ் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளிவிட்டு, வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட்டினேன். மதிப்பெண் முன்பைவிடக் குறைந்திருந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் குறைவு. விசிறி இரைந்ததுதான் மிச்சம். காரணம் பிடிபட இரண்டு வார இறுதிகள் போயின.

டிரைவரைப் புதுப்பிப்பதும் மென்பொருளை நிறுவுவதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். தேவையானவை இரண்டு: வேகத்தையும் வோல்டேஜையும் மாற்ற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கார்டின் நிலையைப் பார்க்க ஜிபியூ-இசட். கார்டு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஆஃப்டர்பர்னர் வேலை செய்யும். கார்டுடன் வரும் பளபளப்பான மென்பொருள்களை நான் நிறுவுவதே இல்லை. விளக்கின் நிறத்தை மாற்றுவதில் காட்டும் அக்கறையை அவை வோல்டேஜில் காட்டுவதில்லை. இங்கே சொல்வது என்விடியா கார்டுகளுக்கு. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போகலாம்.

முதல் படி: பூட்டைத் திறப்பது

ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜ் ஸ்லைடர் மங்கலாக, நகராமல் இருக்கும். செட்டிங்ஸில் பொதுப் பகுதிக்குப் போய் 'அன்லாக் வோல்டேஜ் கன்ட்ரோல்', 'அன்லாக் வோல்டேஜ் மானிட்டரிங்' இரண்டையும் டிக் செய்யுங்கள். மென்பொருள் தன்னை மறுபடி தொடங்கக் கேட்கும், சம்மதியுங்கள். அருகிலேயே 'ஃபோர்ஸ் கான்ஸ்டன்ட் வோல்டேஜ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: எது தடுக்கிறது என்று பார்ப்பது

ஜிபியூ-இசட்டின் சென்சார் பக்கத்தில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி உண்டு. கார்டு ஏன் இதைவிட வேகமாக ஓடவில்லை என்பதை அது சொல்லும். கனமான ஒரு விளையாட்டை ஓடவிட்டு அந்த வரியைக் கவனியுங்கள். வோல்டேஜ் என்று காட்டினால் கூட்டிப் பார்ப்பதில் பொருள் உண்டு. பவர் என்று காட்டினால், கார்டு தனக்கு அனுமதிக்கப்பட்ட வாட் முழுவதையும் ஏற்கெனவே தின்று கொண்டிருக்கிறது. அந்த நிலையில் வோல்டேஜைக் கூட்டினால் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் செலவு ஏறும், கார்டு வேகத்தைக் குறைத்துக் கணக்கை நேர் செய்யும். என் மதிப்பெண் விழுந்தது இதனால்தான்.

சிப் செலவழிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே வேகத்தில் 1.05 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால் அந்தப் பகுதி ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். மிச்சமாகும் வாட்டை கார்டு வேகத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பவர் எல்லையில் முட்டி நிற்கும் கார்டை வேகமாக்க வோல்டேஜை இறக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் நடப்பது அதுதான்.

மூன்றாம் படி: கர்வ்

ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தினால் வோல்டேஜ்-அதிர்வெண் கர்வ் திறக்கும்; எந்த வோல்டேஜில் கார்டு எந்த வேகத்தில் ஓடும் என்று காட்டும் வரைகோடு அது. முதலில் வெளியே உள்ள கோர் கிளாக் ஸ்லைடரை 200 மெகாஹெர்ட்ஸ் அளவு கீழே இறக்கி அப்ளை கொடுங்கள். பிறகு கர்வில் 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து, உங்கள் கார்டு விளையாட்டின்போது இயல்பாகத் தொடும் வேகத்துக்கு உயர்த்தி மறுபடி அப்ளை. வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாம் அதே உயரத்தில் தட்டையாகிவிடும். கார்டு இனி 900-ஐத் தாண்டாது. நிலையாக ஓடினால் அதே புள்ளியை 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றிப் பாருங்கள்.

என்னைக் குப்புறத் தள்ளியது இந்த இடம். ஒரு மணி நேரச் சோதனையை அலுங்காமல் தாண்டிய கார்டு, மறுநாள் விளையாட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் கருப்புத் திரையுடன் விழுந்தது. மறுபடி சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. மெமரி, டிரைவர், பவர் சப்ளை என்று எல்லாவற்றின் மீதும் பழி போட்டேன். விஷயம் வெப்பம். கார்டு சூடாக ஆக, கர்வ் முழுவதும் படிப்படியாகக் கீழே இறங்கும்; ஆறினால் மேலே ஏறும். சோதனை முடிந்த கையோடு, சூடாக இருந்தபோது புள்ளியை வைத்திருந்தேன். மறுநாள் குளிர்ந்த கார்டில் அதே புள்ளி இரண்டு மூன்று படி மேலே போய் நின்றது. அந்த வேகத்துக்கு 900 மில்லிவோல்ட் போதவில்லை.

ஆகவே கார்டு ஆறியிருக்கும்போது புள்ளியை வையுங்கள். சோதனையையும் குளிர்ந்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். முழுச்சுமையில் தொடர்ந்து ஓட்டுவதோடு நிறுத்தாமல், ஒரு விளையாட்டைத் திறந்து மூடித் திறந்து பாருங்கள். சுமை ஏறி இறங்கும் அந்த நொடிகளில்தான் குறை வெளியே வரும்.

இன்னொன்று. விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பை ஏற்றும் பொத்தானை முதல் வாரம் அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன், கணினி திறந்தவுடனே உறைந்தது, ஒவ்வொரு முறையும். சேஃப் மோடில் நுழைந்து, ஆஃப்டர்பர்னர் கோப்புறைக்குள் இருக்கும் ப்ரொஃபைல்ஸை (சேமித்த அமைப்புகளை) நீக்கிய பிறகுதான் மீண்டேன்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஸ்லைடரில் 100 என்றால் வோல்டேஜ் இரண்டு மடங்கா என்று பலர் பயந்திருக்கிறார்கள். இல்லை. 2016-இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அந்த எண் வெறும் சதவீதம். கர்வின் உச்சியில் உள்ள சில புள்ளிகளைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் எல்லை 1.093 வோல்ட். பெட்டியிலிருந்து எடுத்த கார்டே பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான் ஓடும்.

டிக் செய்தும் ஸ்லைடர் நகரவில்லையா? டிக் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள பட்டியலில் 'தேர்ட் பார்ட்டி' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மடிக்கணினி என்றால் பெரும்பாலும் ஸ்லைடர் திறக்காது. கவலை வேண்டாம், கர்வ் பெரும்பாலும் வேலை செய்யும். உங்களுக்குத் தேவையானதும் அதுதான்.

ஏஎம்டி கார்டு என்றால் ஆஃப்டர்பர்னரை விட்டுவிட்டு ஏஎம்டியின் சொந்த அட்ரினலின் மென்பொருளிலேயே செய்யுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ட்யூனிங் என்பதற்குள் போய், கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வோல்டேஜ் தென்படும். 25 மில்லிவோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் குளிர்ந்த கார்டில் சோதியுங்கள்.