நம் தட்டு கடலூர்க் கரையோடு முடிகிறதா? புவித்தட்டு பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வரைபடத்தைக் கையில் கொடுத்து, "இந்தியத் தட்டின் எல்லையை வரையுங்கள்" என்றால் பாதிப் பேர் கடலோரத்தை ஒட்டியே பென்சிலை ஓட்டிவிடுவார்கள். வெள்ளிக் கடற்கரை வரைக்கும் தட்டு, அதற்கு அப்பால் வெறும் கடல். பெரியவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான். மற்ற தவறுகளில் பல இந்தக் கோட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

கண்டம் வேறு, தட்டு வேறு. கண்டத்தையும் கடலடித் தரையையும் சேர்த்துச் சுமந்தபடி நகர்கிற, சுமார் 100 கிலோமீட்டர் தடிமனுள்ள பாறைப் பாளம்தான் தட்டு. புவிமேலோடு அதன் மேல்பகுதி மட்டுமே. மேலோட்டுக்கும் புவியின் நடுவில் உள்ள கருவத்துக்கும் இடைப்பட்ட பாறை அடுக்குதான் கவசம். அதன் உச்சிப் பகுதியும் தட்டோடு சேர்ந்தது. நாம் நிற்கும் மணலும், நம் படகுகள் போகும் வங்கக் கடலின் அடித்தரையும் ஒரே தட்டு. கிழக்கே 1,200 கிலோமீட்டருக்கும் மேல் போனால், அந்தமான் தீவுகளுக்குச் சற்று மேற்கே அதன் ஓரம் வரும். அங்கே இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. வடக்கே யூரேசியத் தட்டோடு மோதி இமயமலையை எழுப்பியிருக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிர்களின் எச்சமுள்ள சுண்ணாம்புப் பாறை இருப்பது அதனால்தான்.

அப்படியானால் நம் கரை என்ன? பழைய பிளவின் தழும்பு. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் அண்டார்டிக்காவோடு ஒட்டியிருந்தது. நிலம் பிளந்து விலக விலக, நடுவில் புதிய கடல்தரை உருவாகி இரு பக்கமும் ஒட்டிக்கொண்டே போனது. எல்லை விலகிப் போய்விட்டது, தழும்பு இங்கேயே தங்கிவிட்டது.

"சரி, எல்லை தூரத்தில் இருக்கிறது, நமக்கு நிலநடுக்கமே வராது" என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் சுமார் 5.5 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. சென்னை வரைக்கும் அதிர்ந்தது. ஓரங்களில் விழும் அழுத்தம் தட்டின் உள்பகுதிக்கும் பரவும். பழைய பிளவுகள் போன்ற பலவீனமான இடங்களில் அது வெளிப்படும். இங்கே அபூர்வம் என்று சொல்லலாம். வராது என்று சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, தட்டுகள் எரிமலைக் குழம்புக் கடலில் படகு போல மிதக்கின்றன என்கிற படம். கவசம் திடமான பாறை. நிலநடுக்க அலைகளில் இரண்டாம் அலைகள் திரவத்துக்குள் போகாது. ஆனால் அவை கவசம் முழுவதையும் கடந்து, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், திரவமான வெளிக்கருவத்தின் விளிம்பில்தான் நின்றுபோகின்றன. திடமான பாறை எப்படி நகர இடம் கொடுக்கும் என்று கேட்பார்கள். கத்திரி வெயிலில் சன்னலோரம் வைத்த மெழுகுவர்த்தியைப் பாருங்கள். உருகுவதில்லை, தொட்டால் திடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாலைக்குள் வளைந்துவிடுகிறது. சூடான கவசப் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அப்படித்தான் மெல்ல வளைந்து நகர்கிறது. பாறை உண்மையிலேயே உருகுவது சில இடங்களில் மட்டும். அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு எரிமலை அப்படி ஒன்று: கீழே இறங்கிய இந்தியத் தட்டு கொண்டுபோன நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது.

தட்டை எது நகர்த்துகிறது என்பதற்கும் "கீழே கொதிக்கும் குழம்பு தள்ளுகிறது" என்றே எழுதுகிறார்கள். கவசத்தின் வெப்பச் சுழற்சிக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய விசை, குளிர்ந்து கனத்த தட்டின் ஓரம் உள்ளே மூழ்கும்போது இழுப்பது. ஈயக் குண்டு கட்டிய வலையின் முனையைப் படகிலிருந்து கடலில் விட்டால் மீதி வலை தானாக விளிம்பைத் தாண்டி ஓடுகிறதே, அந்த இழுப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

ஆல்ஃபிரட் வெகனர் 1912ல் சொன்னது கண்ட நகர்வு. அதைப் புவித்தட்டுக் கொள்கை என்று எழுதாதீர்கள். தட்டுக் கொள்கை, கடலடியை அளந்த பிறகு 1960களில் உருவானது.

எல்லா மலையும் தட்டு மோதி எழுந்தது என்பதும் தவறு. நம் கேப்பர் மலை, ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த செம்மணற்கல். செஞ்சிக் குன்றுகள் சுமார் 250 கோடி ஆண்டு பழைய பாறை. மேலே இருந்ததெல்லாம் அரிக்கப்பட்டு அவை மட்டும் நிற்கின்றன.

குமரிக்கண்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயரை 1864ல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்தார். லெமூர் இனம் மடகாஸ்கரிலும் அதன் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க அவருக்கு ஒரு நிலம் தேவைப்பட்டது. நிலங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. கண்டப் பாறை எடை குறைந்தது, தடித்தது. கல் மூழ்குவது போல ஒரு கண்டம் கடலுக்குள் மூழ்காது. ஆனால் கடல்கோள் நினைவுகளை வெறும் கற்பனை என்று தள்ளவும் எனக்கு மனம் வராது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகியபோது நம் கரையோரத்தில் அகன்ற நிலப்பரப்பை நீர் மூடியது உண்மை. அது கடல் ஏறிய கதை, கண்டம் மூழ்கிய கதை இல்லை.

அப்புறம், எங்கள் ஊருக்கு மிக நெருக்கமான தவறு. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது என்று படித்துவிட்டு, அது எல்லா இடத்திலும் ஒரே சீராக வழுக்கிப் போவதாக நினைக்கிறோம். ஓரத்தில் அப்படி நடப்பதில்லை. மழைக்காலத்தில் ஊறிப்போன மரக்கதவைத் தள்ளிப் பாருங்கள். அசையாது, அசையாது, திடீரென்று படாரெனத் திறக்கும். 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி ஆறரை மணிக்குச் சற்று முன், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் கதவு திறந்தது. பல நூறு ஆண்டு சேர்ந்த நகர்வு சில நிமிடங்களில் தீர்ந்தது. அளவு 9.1. கடல்தரை சில மீட்டர் மேலெழுந்து தண்ணீரைத் தூக்கியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை இங்கே வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நிலநடுக்கம் பெரிதாக இருந்தாலே சுனாமி வரும் என்று நினைக்காதீர்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடுத்தார்கள், பெரிய அலை வரவில்லை. அங்கே பாறை பக்கவாட்டில் நழுவியது, நீரைத் தூக்கவில்லை. ஆனால் எது எந்த வகை என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அன்று ஓடியது சரியான செயல்.

"கடல் உள்வாங்கினால்தான் சுனாமி" என்பது உயிருக்கே ஆபத்தான நம்பிக்கை. 2004ல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. பிளவின் கிழக்குப் பக்கம் தரை தாழ்ந்ததால் அப்படி. மேற்குப் பக்கம் தரை உயர்ந்தது. அதனால் நம் பக்கம் நோக்கி முதலில் கிளம்பியதே நீரின் மேடு. அந்தமான் பக்கம் இதே மாதிரி மறுபடி நடந்தால், கடல் உள்வாங்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க நேரம் இருக்காது. தொலைவில் நடக்கும் நடுக்கத்தை நாம் உணராமலே கூடப் போகலாம். எச்சரிக்கை வந்தால் கிளம்பிவிட வேண்டும். முதல் அலை போனதும் வலையையும் பாத்திரத்தையும் எடுக்கக் கீழே இறங்கவும் கூடாது. அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் வரும், முதலாவதைவிடப் பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம். திரும்பலாம் என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை மேட்டிலேயே இருங்கள்.